தாய்மாமன் என்று வந்தவன்

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை, வைகைக் கரையில் காணாமல்போன பிள்ளைகளுக்கான பந்தலில் எனக்கு வேலை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சரை அனுப்பச் சொன்னார்கள்; வாய் நீளம் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னோடு மைக் பிடிக்க ஒரு போலீஸ்காரர், குழந்தைகள் உதவி மையத்திலிருந்து ஒரு பெண். எல்லாத் துறையும் கைகோத்தால் பிள்ளைகள் பத்திரம் என்று அதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசியிருந்தார்கள். அக்கரையிலும் இதேபோல ஒரு பந்தல் உண்டு. அங்கே யார் இருக்கிறார்கள் என்றுகூட எங்களுக்குச் சொல்லவில்லை.

வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா ஒரு சிறுமியைக் கொண்டுவந்து விட்டார். நான்கு வயதிருக்கும். புதுமொட்டை, வெயிலுக்குத் தலையோடு காதையும் மூடித் துண்டு கட்டியிருந்தது. பேர், அம்மா பேர், ஊர் வாடிப்பட்டி என்று தெளிவாகச் சொன்னாள். போலீஸ்காரர் அத்தனையையும் மைக்கில் முழங்கினார், சிவப்பு கவுன் உட்பட.

"அண்ணே, இம்புட்டையும் சொல்லணுமா?"

"சொன்னாத்தான டீச்சர் ஆத்தாக்காரி ஓடி வரும்?"

அதுவும் சரிதானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆத்தாக்காரி வரவில்லை. வெள்ளைச்சட்டை, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவன் வந்தான். கையில் பஞ்சுமிட்டாய். "தாய்மாமன்ங்க. அக்கா அங்கிட்டு மயங்கிக் கெடக்கு, சீக்கிரம் விடுங்க" என்றான். பேர், ஊர், கவுன் எல்லாம் சரியாகச் சொன்னான். மைக்கில் வந்த அதே வரிசையில் சொன்னான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சிறுமி பஞ்சுமிட்டாயை வாங்கிக்கொண்டு அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். போலீஸ்காரர் தலையாட்டிவிட்டார்.

உதவி மையத்துப் பெண் மட்டும் சிரித்த முகமாகக் கேட்டாள். "தாய்மாமாவா? அப்ப உங்க மடியிலதான் காது குத்துனாகளா?"

"பின்ன? போன வருசம் என் மடியில வச்சுத்தான் குத்துனோம். என்னா அழுகைங்கிறீக!"

அவள் சிறுமியின் துண்டை மெதுவாக அவிழ்த்தாள். இரண்டு காதிலும் ஓட்டை இல்லை.

அவனோ பதறவே இல்லை. விரலை உருவிக்கொண்டு, "அக்காவையே கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு நடந்து போனான். போலீஸ்காரர் பின்னால் பாய்ந்தார். அந்த ஜனத்தில் யாரை என்று பிடிப்பது?

கொஞ்சநேரத்தில் தாய் மாரில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "மாமன்காரன் துபாயில இருக்கான் டீச்சர்! அவன் வரட்டும்னுதான காதே குத்தாம வச்சிருக்கோம்!" சிறுமி அவள் இடுப்பில் ஏறிக்கொண்டு மிச்ச மிட்டாயைத் தின்றாள். நான் அதைப் பிடுங்கி வீசினேன். சிறுமி அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

அந்த அழுகைக்கு நடுவே அக்கரை மைக் கேட்டது. பச்சைப் பாவாடை, வயசு மூணு, ஊர் கோச்சடை, அப்பா பேர், அம்மா பேர். பாவிகளே, நிறுத்துங்கள் என்று இங்கிருந்து கத்தினேன். ஆற்றைத் தாண்டி யாருக்குக் கேட்கும்? செல்போனில் சிக்னல் இல்லை. போலீஸ்காரர் வயர்லெஸ்ஸை எடுத்தார். இரண்டு மூன்று பேர் வழியாகச் சுற்றித்தான் அக்கரைப் பந்தல் கிடைத்தது.

"பதறாதீங்கண்ணே, பிள்ளைய ஒப்படைச்சாச்சு" என்றது ஓர் இளங்குரல். "தாய்மாமன் வந்துட்டாரு."

"வெள்ளைச்சட்டையா?"

"ஆமாண்ணே. நெத்தி நிறைய விபூதி. இந்தா, படியேறிப் போறாக."

"ஓடுறா! ஓடிப் புடி!"

வயர்லெஸ் கரகரத்தது. உதவி மையத்துப் பெண் என் கையை நோகும்படி இறுக்கியிருந்தாள். யுகம் போனபிறகு அந்தக் குரல் மூச்சிரைக்கச் சொன்னது: "பிள்ள கையில இருக்குண்ணே. ஆளு விட்டுட்டு ஓடிட்டான்."

நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இப்போதெல்லாம் எந்தப் பந்தலிலும் அடையாளம் சொல்வதில்லை. ஒரு பிள்ளை இருக்கிறது, பெற்றோர் வரவும் என்று மட்டும்தான் மைக் சொல்கிறது. இரண்டு கரைக்கும் ஒரே வயர்லெஸ். ஒவ்வொரு வருடமும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறேன், வருகிற முகங்களையெல்லாம் பார்க்கிறேன். அவன் இன்னும் பிடிபடவில்லை.