பெஞ்சின் இடது பாதி

தெருவில் பியானோ வைக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவள் நினைக்காத நாள் கிடையாது. ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவள் வேலை. பகல் முழுக்க ஆவியில் வெந்துவிட்டு வெளியே வந்தால், ரயில் நிலைய வாசலில் ஒரு பியானோ, நூலகப் படிக்கட்டுக்குக் கீழே ஒன்று, ஆற்றோரப் பூங்காவில் மஞ்சள் பெயின்ட் அடித்த இன்னொன்று. மழை வந்தால் யாரோ தார்ப்பாயை இழுத்து மூடிவிடுகிறார்கள். அந்த யாரோவையும் சேர்த்துத்தான் அவள் வாழ்த்துவாள்.

சொல்லிக்கொடுக்க ஆள் வைத்தா கற்றாள்? கணவர் பஸ் டிரைவர். டெப்போவுக்கு எதிரே நின்ற பியானோவில், அவர் கடைசி டிரிப் முடித்து வரும்வரை ஒற்றை விரலால் எதையாவது தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ அந்தப் பக்கம் வெச்சுக்கோ, எனக்கு இந்தப் பக்கம்" என்று பாகம் பிரித்தார். வலது பாதி அவளுக்கு, கனத்த சத்தம் வரும் இடது பாதி அவருக்கு. தட்டித் தடவி இருவருமாக ஒரே ஒரு மெட்டைத் தேற்றினார்கள். அந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டுதான் லீவு நாளெல்லாம் ஊர் சுற்றினார்கள்.

மெட்டின் நடுவில் ஓரிடத்தில் அவர் கையைத் தூரத்துக் கட்டைக்குக் கொண்டுபோக வேண்டும். மனிதர் பஸ்ஸைத் திருப்புவதுபோல இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்த்துவார்.

"பஸ்ஸை மட்டும் டயத்துக்கு எடுங்க, இங்க லேட்டா வாங்க" என்று ஒவ்வொரு தடவையும் அவள் கடுகடுப்பாள்.

"ஆக்ஸிடென்ட் ஆகலைல்ல, விடு" என்பார் அவர்.

பிறகு பக்கவாதம் வந்தது. கால் மெல்லத் தேறியது, கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை மட்டும் அசைய மாட்டேன் என்று கிடந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கப் போவதைத் தவிர ஜன்னலோர நாற்காலியை விட்டு அவர் எழுந்திருப்பதில்லை.

"வாங்களேன், ஒரு கைதான் நல்லா இருக்கே."

"அங்க வந்து வேடிக்கை காட்டவா? நீ போயிட்டு வா."

வாய் ஓயாமல் பேசியவர் வார்த்தையை எண்ணிப் பேச ஆரம்பித்தார். மனிதர் இப்படியே அந்த நாற்காலியோடு ஒட்டிப்போய்விடுவாரோ என்று அவள் பயந்தாள்.

தனியாகத்தான் போனாள். போனாலும் பழக்க தோஷம், பெஞ்சின் வலது பாதியில்தான் உட்காருவாள். காலி இடத்தைப் பார்த்து யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். டியூட்டி முடிந்த நர்ஸ், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர், சாரம் கட்டும் தொழிலாளி. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து வாசித்துவிட்டு எழுந்து போவார்கள். சொந்தக்காரர்கள்கூட இவ்வளவு செய்ததில்லை என்று அவளுக்கு மனசு நிறைந்துபோகும். ஆனால் ஒரு வினோதம். வந்தவர்கள் அத்தனை பேரும் மெட்டின் அதே நடு இடத்தில் தடுக்கி விழுந்தார்கள்.

பூங்காவுக்கு அடிக்கடி வரும் தபால்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இடத்துல நீங்க ஏன் நிக்கறீங்க? நான் வந்துடறேன், உங்களைக் காணோம்."

"நான் எங்கங்க நிக்கறேன்?" என்று அவள் சண்டைக்கே போய்விட்டாள். மறுபடி வாசித்துப் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் கை தானாக நின்றது. ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்புகிற அளவுக்கு நின்றுவிட்டு, அப்புறம்தான் நகர்ந்தது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைக் கொட்டினாள். அவர் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்காகவா நிக்கறே?"

"நான் எங்க நிக்கறேன், இந்தப் பாழாப்போன கை நிக்குது. லேட்டாவே வந்து கெடுத்து வெச்சுட்டீங்க."

"பாவம், அந்தத் தபால்காரரை ஏன் படுத்தறே?" என்றவர், கம்பைத் தேடினார். "என் ஷூவை எடு."

பூங்கா பெஞ்சின் இடது பாதியில் அவரை உட்கார வைத்தாள். தபால்காரர் கம்பை வாங்கி வைத்துக்கொண்டார். ஒற்றைக் கைக்கு எட்டியது வந்தது, எட்டாதது போயிற்று. பாதி மெட்டுக்கு மேல் ஓட்டைதான். அந்த இடம் வந்தது. அவள் கை நின்றது. அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கையைத் தூக்கி வைத்தார். இரண்டும் ஒன்றாக விழுந்தன.

"சரியா வந்துட்டேனா?" என்றார்.

"லேட்டு" என்றாள் அவள். "எப்பவும் போல லேட்டு."