துணிக்கடைப் படங்கள்

அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் விளக்கவுரை. கடைகளின் இணையதளங்களைப் பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி சரிசெய்வது அவர் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி எழுதி வைத்தால், போன் அதை வாசித்துச் சொல்லிவிடும்.

அவர் மனைவிக்கும் பார்வை கிடையாது. முன்பெல்லாம் எதை வாங்குவதென்றாலும், "என்னங்க, இது எப்படி இருக்கு?" என்று அவர் தோளில் சாய்ந்து கேட்பாள். இப்போது காதோடு போனை வைத்துக்கொண்டு, அதில் கடகடவென்று பேசும் பெண்குரலைக் கேட்டுக்கொள்கிறாள். அதுவும் அவர் எழுதிய வரிகளை! அந்தக் குரலைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சக்களத்தி என்பவள் பெண்களுக்கு மட்டும்தான் வாய்ப்பாள் என்று யார் சொன்னது?

அதனால் அவளுக்குப் பிடித்த துணிக்கடையின் தளத்தை மட்டும் இன்று நாளை என்று இழுத்தடித்தார். அதற்காவது தன்னைக் கூப்பிடட்டும். அவள் கூப்பிடவேயில்லை.

அவர் பிறந்தநாளன்று அந்தக் கடைப் பையை நீட்டினாள். உள்ளே நீலச் சட்டை. அளவு கச்சிதம்.

"அந்தக் கடையில போன் ஒண்ணும் படிக்காதே?"

"ஆமா, படம் படம்னே சொல்லிட்டிருந்துச்சு. உங்களுக்கு வாங்குறதை உங்ககிட்டயே கேக்க முடியுமா? எதிர்வீட்டுக்காரர்தான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொன்னார். என்ன பொறுமை! எவ்வளவு அழகா வர்ணிக்கிறார் தெரியுமா?"

சட்டையைப் போட்டுக்கூடப் பார்க்காமல் அவர் கணினியைத் திறந்தார். அன்று சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை. இப்போது அந்தக் கடையின் தளத்தில் ஒவ்வொரு சட்டைப் பொத்தானுக்கும் தனியாக நாலு வரி இருக்கிறது.