பதில் வந்த பெயர்

எங்கள் கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்களுக்காக, நெல்லித்தோப்பில் ஞாயிறு மாலைகளில் ஜெபக்கூட்டம் நடத்தினார் ஓர் உபதேசியார். ஒல்லியான தமிழர். சைகோனில் ஊழியம் செய்து, சண்டை முற்றியபோது கப்பலேறித் திரும்பியவர். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்ற மாட்டார்.

நானும் கூட்டத்துக்குப் போவேன். ஜெபத்துக்கு முன் அவர் கண்ணை மூடிச் சில பெயர்களைக் கூப்பிடுவார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் பதிலுக்குக் காத்திருப்பார். அவை எங்கள் யாருடைய பெயரும் அல்ல.

"யாரைக் கூப்பிடுறீங்க, உபதேசியாரே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க எங்கிட்ட வேதம் படிச்ச புள்ளைங்க. வந்துடறேன்னு சொல்லிட்டுதான் கப்பல் ஏறுனேன். அப்புறம் ஒரு தகவலும் இல்ல."

அடுத்த வாரம் ஒரு பெயருக்குப் பதில் வந்தது. எங்களோடு உட்கார்ந்திருந்த சைகோன் மாணவன் ஒருவன் தன் பாஷையில் "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். உபதேசியார் கண் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து அடுத்த பெயருக்குப் போனார்.

வெளியே வந்ததும் அவனைக் கடிந்துகொண்டேன்.

"யாராவது சொல்ல வேண்டாமா?" என்று எங்கள் இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சில் கேட்டான்.

அந்தப் பெயரை மட்டும் உபதேசியார் பிறகு கூப்பிடவே இல்லை. அந்தப் பிள்ளை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டானா, இல்லை அன்றுதான் அவனைப் பறிகொடுத்தாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.