மணிமேகலை மாற்றிய பூட்டு

"படிச்சுக் காட்டறேன், ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மணிமேகலை பிரிண்ட் எடுப்பார். அரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக டைப் அடிக்கிறார். வாடகை ஒப்பந்தம் என்றால் மற்ற கடைகளில் பேரையும் தேதியையும் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவர் வீட்டுக்காரரையும் குடிவருபவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து வரிவரியாக வாசிப்பார். "மொட்டை மாடி யாருக்குங்க? துணி காயப்போடலாமா? இப்பவே பேசிருங்க. அப்புறம் மூஞ்சியைத் தூக்கிட்டுத் திரியக் கூடாது."

நாற்பது வயது, குள்ளமான உருவம். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். பேனாவைக் கொண்டையில் செருகிக்கொண்டு கடை முழுக்கத் தேடுவார்.

அவர் இருப்பதும் வாடகை வீடுதான். கூடவே பிளஸ் ஒன் படிக்கும் மகள் பிரியதர்ஷினி. வீட்டுக்காரர் மாயவன் அடுத்த தெரு. மோட்டார் போட, குழாய் பார்க்க என்று தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு நினைத்தபோது உள்ளே வருவார். போன ஆடியில் ஒரு சாயங்காலம், மகள் உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் வந்துவிட்டார். அவள் குளியலறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அம்மா வரும்வரை திறக்கவில்லை.

மணிமேகலை கைப்பையைக்கூடக் கழற்றாமல் மாயவன் வீட்டுக்கு நடந்தார்.

"சாவியைக் கொடுங்க சார். இனிமே போன் பண்ணிட்டு வாங்க."

"என் வூட்டுக்குள்ள போறதுக்கு உன்னைக் கேக்கணுமா?"

"வூடு உங்களதுதானுங்க. குடியிருக்கறது நாங்க."

"புடிக்கலைன்னா காலி பண்ணிக்க."

"எழுதிக் கொடுங்க. ரெண்டு மாசம் டைம்னு ஒப்பந்தத்துல இருக்குது. அதுவரைக்கும் நாங்க கூப்பிடாம உள்ள வரக்கூடாதுங்க."

சாவி வரவில்லை. மறுநாள் காலையிலேயே பூட்டை மாற்றினார். மாற்றியதை மாயவனிடமே போய்ச் சொன்னார். மோட்டார் சுவிட்சை வெளிச்சுவரில் வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

"ஆம்பளை இல்லாத வூடு, அனுசரிச்சுப் போ கண்ணு" என்றார் பக்கத்து வீட்டுச் செல்லம்மாள்.

"இதுல அனுசரிக்க ஒண்ணுமில்லீங்கக்கா."

அப்படிச் சொன்னாரே தவிர, மகள் படிப்புக்கு நடுவில் வீடு தேட வேண்டிவருமோ என்று அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை என்று, கடைக்கு அடிக்கடி போகும் என்னிடம் பிறகு ஒத்துக்கொண்டார்.

மாயவன் பத்து நாள் பேசவில்லை. காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வரவில்லை. பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, போன் வந்தது.

"கேட் கிட்ட நிக்கறேம்மா. சுவிட்ச் மாத்த எலக்ட்ரீசியன் வந்திருக்காரு. வரலாமா?"

"பாப்பா குளிச்சிட்டிருக்குதுங்க சார். பத்து நிமிஷம் ஆகும்."

போனை வைத்த மணிமேகலை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கேட்டுக்குப் பக்கத்தில், வெயில் படாத இடமாகப் பார்த்துப் போட்டார்.