ஈரல் கழுவிய கீழாநெல்லி

கீழாநெல்லியைப் பச்சையாக அரைக்கும்போது எழுகிற கசப்பு வாடையும், முந்தின நாள் குடித்த கசிப்பின் புளித்த நாற்றமும் கலந்து வீசும் அந்த வாயை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. அது என் அப்பாவின் வாய். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆண்கள், சாராயமோ களவாய்க் காய்ச்சிய "கசிப்போ" எதை எவ்வளவு குடித்தாலும், விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கீழாநெல்லிச் சாறு இறங்கிவிட்டால் "ஈரலக் கழுவியாச்சு" என்று நம்பினார்கள்.

அரைப்பது பெண்பிள்ளைகளின் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. தேயிலை நிரைகளுக்கிடையே பிடுங்கி வந்து, மண் போக அலசி, அம்மியில் நைய அரைத்து, மோரில் கலக்கி நீட்டினால், அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, மீசையில் ஒட்டிய பச்சை நுரையைப் புறங்கையால் வழித்து, பெரிய ஏப்பமொன்று விட்டு, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போவார். சாயந்திரம் அந்தத் தைரியத்திலேயே இன்னும் கூடக் குடிப்பார்.

கண் மஞ்சளித்து வயிறு வீங்கியபோது பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர்.

"நான்தான் தெனம் கீழாநெல்லி குடிக்கிறேனுங்களே ஐயா" என்றார் அப்பா, பெருமையாக.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "குடியை விடாமல் இலையைக் குடிச்சு என்ன பிரயோசனம்? இனி ஒரு சொட்டுத் தொட்டாலும் உயிர் தங்காது."

வீட்டுக்கு வந்த அப்பா குடியைக் குறைக்கவில்லை. "நாளையிலருந்து ரெண்டு பிடியா அரை புள்ள" என்றார். எரிச்சலோடும், எப்படியாவது பிழைத்துவிடுவார் என்ற ஆசையோடும் அரைத்தேன்.

ஐந்தே மாதத்தில் போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் துக்கம் தாங்காமல் மூக்குமுட்டக் குடித்தார்கள். மறுநாள் காலையில், வீட்டில் அழுகை ஓயுமுன்னே வாசலில் வந்து நின்றார்கள். "அண்ணி, பாப்பாகிட்டச் சொல்லி எங்களுக்கும் கொஞ்சம் அரைச்சுத் தாங்க. நேத்துக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார் ஒருவர். சீ, என்ன ஜென்மங்கள்! அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் அரைத்துக் கொடுத்தேன்.

களைகொல்லி அடித்து அடித்து இன்று அந்த நிரைகளில் கீழாநெல்லி முளைப்பதில்லை. பண்டாரவளை மருந்துக் கடைகளில் அது மாத்திரையாகப் போத்தலில் வருகிறது; வாங்கிய கையோடு தவறணைக்குக் குடிக்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று வாசலில் நின்ற நாலு பேரில் ஒருவரும் இப்போது இல்லை, ஒருவரும் ஐம்பதைத் தாண்டவில்லை. அவர்கள்மீதுள்ள அருவருப்பு ஒருபக்கம் இருக்கட்டும். அப்பாவைப் புதைத்த மறுநாளும் "முடியாது" என்று சொல்லாத என்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.