பாதையில் படுத்த தென்னை

ஐப்பசிப் புயல் ஓய்ந்த நாலாம் நாள், சித்தையன்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் தென்னந்தோப்புக்கு சர்க்கார் புல்டோசர் வந்தது. ஓட்டி வந்தவர் திண்டுக்கல்காரர். மெலிந்த உடம்பு, காதில் ஒரு பீடி, காக்கிச் சட்டையெல்லாம் கிரீஸ். அவ்வளவு பெரிய இயந்திரத்தை இந்த மனிதரா அடக்குகிறார் என்றிருந்தது.

விழுந்த மரத்துக்குச் சங்கிலி மாட்டுமுன், ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு ஒரு பீடி தீரும்வரை சும்மா நிற்பார். அதற்குள் அணிலோ பாம்போ ஓடிவிடும். எனக்கோ அவசரம். வண்டிப்பாதை அடைபட்டு, பறித்த கத்தரிக்காய் சந்தைக்குப் போக வழியில்லாமல் கிடந்தது.

சாயங்காலம் கடைசி மரத்தையும் தட்டினார். பீடி தீர்ந்தது. வேர்ப்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்.

"என்னண்ணே, இதையும் இழுத்துப் போட்டுட்டுப் போங்க. பாதையில கெடக்குல்ல."

"பாதி வேரு மண்ணுக்குள்ளதான் இருக்கு தம்பி. இது விழுகல, படுத்திருக்கு."

"அப்ப வண்டி எப்படிப் போகும்?"

"செத்த சுத்திப் போகட்டும். மாட்டுக்குக் காலு இருக்கு, மரத்துக்கு இல்லையே."

கோபத்தில், ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் அந்தத் தென்னை, படுத்தவாக்கிலேயே தலையை மட்டும் நிமிர்த்தியது. அதற்கடுத்த வருஷம் குலை தள்ளியது, நின்றபடியே பறிக்கிற உயரத்தில். நாலு இளநீரைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் போய், புல்டோசர் ஆபீசில் விசாரித்தேன்.

"எந்த டிரைவர்?" என்றார்கள்.

பெயரை நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மரத்தைத் தட்டிவிட்டு நிற்பாரே, அவர் என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது.