ஆளே இல்லாத கரைக்கு ஆள் ஏத்துறவன்

டூர் வேன் ஓட்டுற பொழப்புல வண்டியால வர்ற பேஜார விட நம்ம வாயால வர்ற பேஜாருதான் ஜாஸ்தி. இதே தொழில்ல மாட்டிக்கினு இருக்கற அண்ணன் தம்பிங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேணாம். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசல்லதான் என் வேன் நிக்கும். லீவு நாள்ல கம்பெனி ஜனத்த ஏத்திக்கினு பழவேற்காட்டுக்கு அப்பால இருக்கற ஒரு மீனவர் குப்பத்துக்குப் போவேன். "ஆளே இருக்க மாட்டாங்க, அவ்ளோ அமைதி"ன்னு சொல்லிச் சொல்லித்தான் சவாரி புடிக்கறது. கேக்கறவங்க கண்ணு அப்டியே மலரும். அப்புறம் நான் தலைய தொங்கப் போட்டுக்கினு திரும்பி வருவேன்.

அமைதிக்கு ஒரு பொட்டி

ஒரு தபா ஏழெட்டு பசங்க வந்தாங்க. பிரஸ் மெஷின்ல வேல. "டமால் டமால்னு கேட்டுக் கேட்டு மண்ட காயுதுண்ணா, சத்தமே இல்லாத எடமா இட்டுனு போ"ன்னாங்க. பாவமா இருந்துச்சு. கரைக்குப் போய் எறங்குனதும் சீட்டுக்கு அடியிலருந்து ஒரு ஸ்பீக்கர் பொட்டிய தூக்கியாந்து மணல்ல வெச்சானுங்க பாருங்க! விடிகாலைல கடலுக்குப் போய் வந்து படகு நெழல்ல படுத்திருந்தவங்க அத்தினி பேரும் எழுந்து ஒக்காந்துட்டாங்க.

ஆறுமுகம் அண்ணனும் எழுந்து வந்தாரு. அந்தக் குப்பத்துல எனக்குப் பழக்கம் அவருதான். நான் இட்டுனு போற ஜனத்துக்கு அவரு சம்சாரம்தான் மீன் கொழம்பு வெச்சு சோறு போடும். வந்து என்னையே பாத்தாரு. அதுக்கு ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். நான் ஓடிப் போய் பொட்டிய அமத்துனேன். பசங்கள்ல ஒருத்தன் நெசமாவே வருத்தப்பட்டு சொன்னான்: "சும்மா அமைதியாவே இருந்தா எப்டிண்ணா? போர் அடிக்காதா?"

முதுகு காட்டி ஒக்காந்தவங்க

இன்னொரு வாட்டி வள்ளூர் பக்கத்துலருந்து ஒரு குரூப். அனல் மின் நெலயத்துல கான்ட்ராக்ட் வேல செய்யறவங்க, குடும்பத்தோட. அன்னிக்குப் போற வழில ரோட்ட வெட்டிப் போட்டுட்டாங்க. நான் பெரிய புத்திசாலியாட்டம், எல்லாம் ஒரே கடல்தானேன்னு கிட்டயே ஒரு கரையில ஓரங்கட்டிட்டேன். பாய விரிச்சு, புளி சோத்தப் பிரிச்சு, ஒரு வாய் வெச்சவங்க நிமிந்து பாத்தா, எதுக்க அவங்க வேல செய்யற எடத்து புகைக்கூண்டு! அத்தினி பேரும் பாயத் திருப்பிப் போட்டு அதுக்கு முதுகு காட்டி ஒக்காந்து சாப்டாங்க.

நான் வண்டியோட டயர பாத்துக்கினு நின்னேன். டயர்ல ஒண்ணுமில்ல. அவங்கள்ல பெரியவர் ஒருத்தர் கை கழுவ வந்தாரு. என்கிட்ட வந்து மெதுவா கேட்டாரு: "இன்னா தம்பி, சூப்பர்வைசரையும் இட்டாந்திருக்கலாமே?"

மேரி அக்கா கேட்டது

இதெல்லாம் சிரிச்சிட்டுப் போற சங்கதி. போன மாசம் நடந்தது அப்டி இல்ல.

மேரி அக்காவுக்கு செவ்வாப்பேட்டைல ஊடு, எங்க எஸ்டேட்ல பிளாஸ்டிக் கம்பெனில வேல. அவங்க ஊட்டுக்காரர் பாலு அண்ணன் கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்கற மில்லுல. அக்காவுக்குப் பகல் ஷிப்ட், அவருக்கு நைட். அவரு உள்ள வரும்போது இவங்க வெளிய போவாங்க, சாவி மட்டும் கை மாறும். அக்காவுக்கு ஞாயிறு லீவு, அவருக்கு புதன். எப்டியோ கெஞ்சிக் கூத்தாடி ஒரு புதன்கெழம லீவு வாங்கிட்டு என்கிட்ட வந்தாங்க. கூட அவங்க கம்பெனிலருந்து இன்னும் ரெண்டு குடும்பம்.

"கூட்டம் இருக்காதுல்ல?"ன்னு மூணு வாட்டி கேட்டாங்க. ஏங்க்கா இப்டி கேக்கறீங்கன்னேன். சொல்லலாமா வேணாமான்னு நின்னுட்டு அப்புறம் சொன்னாங்க: "மில்லுல கத்திப் பேசியே பழகிட்டாரு தம்பி, ஊட்லயும் கத்தறாரு. அது பழக்கமா, இல்ல என் மேல வெறுப்பான்னு எனக்குப் புரியல. ஒரு நாளு சத்தமில்லாத எடத்துல வெச்சுப் பாத்துட்டா தெரிஞ்சிடும்."

ஒரு போனு

கெளம்பறதுக்கு முன்னாடி ஆறுமுகம் அண்ணனுக்குப் போன் போட்டுக் கரை எப்டின்னு கேக்கறது என் வழக்கம். அன்னிக்கும் போட்டேன். "கரையில ஒருத்தரும் இல்ல தம்பி. ஒரு படகும் கடலுக்குப் போவல"ன்னாரு. "சூப்பர்ணே! இன்னிக்குத்தான் நமக்கு யோகம்!"னு கத்துனேன். அவரு ஏதோ சொல்ல வந்தாரு. நான் வெச்சுட்டேன்.

குப்பத்துல ஒரு சாவுன்னா அன்னிக்கு எந்தப் படகும் கடல்ல எறங்காது. இது எனக்குத் தெரியாதான்னு கேக்காதீங்க, நல்லாவே தெரியும். ஆனா சவாரி புத்தி பாருங்க, "ஒருத்தரும் இல்ல"ங்கறது மட்டும்தான் காதுல உழுந்துச்சு. வேன் உள்ள நொழஞ்சா, ஆறுமுகம் அண்ணன் ஊட்டு வாசல்ல பந்தல். அவரோட கூடப் பொறந்த அண்ணன கண்ணாடிப் பொட்டில வெச்சிருக்காங்க. நான் சூப்பர்னு கத்துனப்போ அவரு அந்தப் பொட்டி பக்கத்துலதான் நின்னிருக்காரு. சீ, நானெல்லாம் ஒரு மனுசனான்னு இருந்துச்சு.

அழுது வீங்குன கண்ணோட வேன் கிட்ட வந்தாரு. "அண்ணே, நான்…"னு ஆரம்பிச்சேன். அவரு வேன் உள்ள இருந்த ஜனத்த ஒரு பார்வ பாத்துட்டு என் தோள்ல கை வெச்சாரு. "கொஞ்சம் தள்ளி வடக்கால இட்டுக்கினு போ தம்பி. இங்க மேளம் வந்துடும், உன் ஜனத்துக்கு சத்தமா இருக்கும்."

வாசல் வரைக்கும் வந்துட்டு

வண்டியத் திருப்பிடலாம்னு ரிவர்ஸ் போட்டேன். மேரி அக்கா கதவத் தெறந்து எறங்கிட்டாங்க. சாவு ஊட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள போவாம திரும்பறது மொறையான்னு கேட்டாங்க. போயி, யாருன்னே தெரியாத பொம்பளைங்களோட ஒக்காந்து, ஆறுமுகம் அண்ணன் சம்சாரத்த மடியில சாச்சுக்கினாங்க. கூட வந்தவங்களும் எறங்கிட்டாங்க. பாலு அண்ணன் சேர் எடுத்துப் போட்டாரு, வர்றவங்களுக்குத் தண்ணி குடுத்தாரு, பாடைக்கும் தோள் குடுத்தாரு. அக்கா கஷ்டப்பட்டு வாங்குன ஒரே ஒரு லீவு இப்டிப் போச்சேன்னு எனக்கு யார் மூஞ்சியும் பாக்க முடியல.

எல்லாம் முடிஞ்சு வரும்போது அக்காவும் பாலு அண்ணனும் கடைசி சீட்ல. இன்னா பேசுனாங்கன்னு எனக்குக் கேக்கல, செவ்வாப்பேட்டை வரைக்கும் பேசிக்கினே வந்தாங்க. எறங்கும்போது மன்னிப்பு கேக்கலாம்னு வாயத் தெறந்தேன். அக்கா முந்திக்கினாங்க: "அவரு பொம்பளைங்க நடுவுல வந்து குனிஞ்சு, 'மேரி, காலைலருந்து ஒண்ணும் சாப்டலியே நீ'ன்னு எவ்ளோ மெதுவா கேட்டாரு தெரியுமா? உனக்குக் கோடி புண்ணியம் தம்பி."

இந்தத் தொழில்ல திட்டு வாங்குனா தொடச்சிட்டுப் போயிடலாம், அடுத்தவன் சாவுல கெடச்ச நன்றிய எங்க கொண்டு போய் எறக்கறதுன்னுதான் இன்னும் தெரியல.